பன்னுக்குள் மீன்

அந்தச் சாக்குப் பையில் கால் படாமல் உட்காருங்கள் தங்கச்சி. உள்ளே இருப்பது அரிவாள்மணை. பழைய துணியைச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் இந்த பஸ் குலுங்குகிற குலுக்கலில் உங்கள் காலைக் கீறிவிட்டால் அந்தப் பாவம் வேறு எனக்கு.

நீங்களும் தூத்துக்குடியா? நல்லது. பேச்சுத்துணை ஆச்சு. நான் மகன் வீட்டிலிருந்து வருகிறேன். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இஞ்சினியர். இனிமேல் கடைசி வரைக்கும் அவனோடுதான் என்று சட்டி பானை, அரிவாள்மணை எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். ஒரு மாதம் நிறையவில்லை, போன மூட்டை போன மாதிரியே திரும்பி வருகிறது. ஏன் என்று கேளுங்கள். பன்னுக்குள் மீனை வைத்துத் தின்கிற வீட்டில் எனக்கு என்ன வேலை?

சிரிக்காதீர்கள். நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை. எங்கள் தெருவில் வந்து கேட்டுப் பாருங்கள், ரெஜினாள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்திருக்கிறதா என்று. காலையில் பூசை, சாயந்திரம் ஜெபமாலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஜெபமும் மீனும்தான். என் மருமகளைப் பற்றிச் சொல்வதுகூடக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

மருமகள் பெயர் வினோலியா. நம் வேதக்காரப் பிள்ளைதான். பேங்கில் வேலை. லட்சணமாகத்தான் இருப்பாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூருக்கும் அந்தப்பக்கம். கடலை அவள் முதன்முதலில் பார்த்ததே கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான். “எவ்ளோ தண்ணிங்க அத்தை!” என்றாள். கடலில் தண்ணீர் இல்லாமல் சாம்பாரா இருக்கும்? அவர்கள் வீட்டில் மீன் என்றால் டேம் மீன். சேற்றில் புரண்ட மீனைத் தின்று வளர்ந்த பிள்ளைக்கு நாக்கு எங்கிருந்து வரும்? பாவம், அது அவள் குற்றம் இல்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன்.

பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘ங்க’ போடுவாள். வாங்கத்தை, உக்காருங்கத்தை, இருக்கட்டுங்கத்தை. அவள் மரியாதையைக் கேட்டால் எனக்கு பேங்க் கவுண்டரில் டோக்கனோடு நிற்கிற மாதிரி இருக்கும்.

என் மகன் ரெமி. ரெமிஜியுஸ் என்று பெயர், ரெமி என்று கூப்பிடுவோம். முப்பத்து நாலு வயது. அவனை நான் வளர்த்த வளர்ப்பைச் சொன்னால் உங்களுக்குக் கண் நிறைந்துவிடும். முள் எடுக்காத மீனை ஒரு நாளும் அவன் தட்டில் நான் வைத்ததில்லை. ஒரு நாளும். சீலாவோ சாளையோ, குழம்போ பொரியலோ, அவன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பிட்டு, நடுமுள்ளைத் தூக்கி, வயிற்று முள்ளை ஒதுக்கி, பெருவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்து, அப்புறம்தான் சோற்றில் வைப்பேன். சின்னப் பிள்ளையில் மட்டும் இல்லை. காலேஜ் லீவுக்கு வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளைக் கோட்டோடு வந்து உட்கார்ந்த அன்றைக்கும் அப்படித்தான்.

மகளுக்கா? மகள் ஒருத்தி இருக்கிறாள், மஸ்கட்டில். அவள் தானே எடுத்துக்கொள்வாள். பொம்பளைப் பிள்ளைக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

அவன் அப்பா, தங்கமான மனுஷன், போன வருஷம் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார், அவர் மட்டும் சத்தம் போடுவார். “ஏ ரெஜினா, அவனுக்கு மீசை முளைச்சிட்டு. நாளைக்கு அவன் வேலைக்குப் போற எடத்துல முள்ளெடுக்க நீயும் போவியாக்கும்?”

“ஆமா, போவேன்” என்பேன். போனேனே! சொன்னபடி போனேனே!

இன்னொன்று கேளுங்கள். காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம், அப்புறம் வேலையில் இத்தனை வருஷம், வெளியே எங்கேயும் அவன் மீனைத் தொட்டதில்லை. யாராவது வைத்தால், “எனக்கு மீன் பிடிக்காது” என்று சொல்லிவிடுவானாம். தூத்துக்குடிக்காரன் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் சொல்லியிருக்கிறான். எதற்காக? அம்மா கை இல்லாமல் அவனுக்கு இறங்காது. அவ்வளவு பாசம். எங்கள் பங்குச் சாமியாரிடம்கூட இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு போனார். உருகிப் போயிருப்பார்.

சரி, கோயம்புத்தூருக்கு வருகிறேன். போன மறுநாளே மீன் வாங்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்து ஊட்டாத குறையாகப் போட்டேன். அவர்கள் வீட்டில் மேஜை நாற்காலி. அதனால் என்ன, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வினோலியா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்த பார்வை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ரெமியும் அன்றைக்குத் தலையைக் குனிந்தபடியே தின்றான். அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் சேலை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறேன், அங்கே எனக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கிறார்கள். “இன்னைக்கு நீங்க உக்காருங்கத்தை. நாங்க ஃபிஷ் சாண்ட்விச் பண்றோங்க” என்றாள்.

பண்ணுகிறார்களாம். என்ன பண்ணினார்கள் என்று சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நல்ல கொடுவா மீன். எங்கள் ஊர் என்றால் அந்தத் தலைக்கே இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். அதைத் தலை வேண்டாம், தோல் வேண்டாம், நடுமுள் வேண்டாம் என்று கடைக்காரனிடமே கழித்துவிட்டு, சதையை மட்டும் சோப்புக்கட்டி மாதிரி வாங்கி வந்திருக்கிறாள். அந்தச் சதையில் ஊசி ஊசியாகக் கொஞ்சம் முள் மிச்சம் இருக்குமே, அதை எடுக்க ஒரு இடுக்கி. புருவத்தில் முடி பிடுங்குகிற இடுக்கி, தங்கச்சி! அதைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது? என் மகன். இஞ்சினியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, மீனுக்கு அழகு நிலையம் நடத்துகிறான். ஒவ்வொரு முள்ளாக உருவி ஒரு கிண்ணத்தில் போடுகிறான். இவள் பக்கத்தில் நின்று, “விரலை வெச்சுத் தடவுங்க, தட்டுப்படும். ஆங், அதேதான்” என்கிறாள். அதுவும் மெதுவாக, எனக்குக் கேட்கக் கூடாது என்று.

அப்புறம் மீனுக்கு உடுப்பு உடுத்துகிறார்கள். உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு பூசி ஊற வைத்தாயிற்றா, முதலில் மைதா மாவில் ஒரு புரட்டு. அது பனியனாம். பிறகு அடித்த முட்டையில் ஒரு முக்கு, அது சட்டை. அதற்கு மேலே ரஸ்க்கைப் பொடித்துப் போர்த்துகிறார்கள், அது கோட்டு. கடலில் அவுத்துப்போட்டுத் திரிந்த மீன் ஐயா அது! எண்ணெயில் போட்டதும் பொன்னிறமாக எழும்பி வருகிறது. உள்ளே இருப்பது மீனா கத்திரிக்காயா என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. இதற்குள் ஒரு பன்னை இரண்டாகப் பிளந்து வெண்ணெயில் வாட்டி, முட்டையும் எண்ணெயும் மிக்ஸியில் அடித்த வெள்ளைப் பசையைத் தடவி, பச்சை முட்டைக்கோசை நறுக்கிப் படுக்கை விரித்து, வெங்காயம், வெள்ளரிக்காய், அதன்மேல் மீனைக் கிடத்தி, மேலே மூடிவிட்டார்கள். குழம்பு இல்லை, புளி இல்லை, சோறு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு இல்லை!

ரெமி அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தான். மொறுக்கென்று சத்தம். கண்ணை மூடிக்கொண்டான். “யம்மா, சத்தம் கேட்டியா?” என்கிறான். சாப்பாட்டை நாக்கால் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், காதால் பார்க்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று தின்றான். தலை நிமிர்ந்து, கதை பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு தின்றான். பார்க்கச் சகிக்கவில்லை.

பசிக்கிறதா உங்களுக்கு? அந்த மஞ்சள் பையை எடுங்கள். வழிக்கென்று கட்டிக் கொடுத்திருக்கிறாள், அதே சாமான்தான். மீன் தனி, பன் தனி. சேர்த்துக் கட்டினால் நமத்துவிடுமாம், சாப்பிடும்போது நாமே வைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்த வெள்ளைப் பசை வெயிலுக்குக் கெட்டுவிடும் என்று புதினாத் துவையல் வைத்திருக்கிறாள். என்ன கரிசனம் பாருங்கள், நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? நீங்கள் சாப்பிடுங்கள், எனக்கு வேண்டாம். எனக்கு வாழைப்பழம் இருக்கிறது.

அன்றைக்கு அவன் மூன்றாவதைத் தின்றுகொண்டிருக்கும்போது நான் சொன்னேன்: “ஏ ராசா, இது என்ன சாப்பாடு? சாயந்தரம் அம்மா சாளை வாங்கி அவியல் வைக்கேன். முள்ளெடுத்துத் தாறேன்.”

“வேண்டாம்மா” என்றான். “இனிமே நானே எடுத்துக்கிடுதேன்.”

“ஒனக்கு எடுக்கத் தெரியாதே மக்கா.”

“அதத்தாம்மா படிச்சுக்கிட்டு இருக்கேன்.”

நான் வினோலியாவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். “என்ன படிச்சுக் குடுக்கா இவ? டேம் மீன் தின்னவ, கடல்காரனுக்கு முள்ளெடுக்கச் சொல்லித் தாறாளா?” என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். எனக்குச் சத்தமாகப் பேசவே வராது.

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. மாமனார் பெருமையாக மீனை வறுத்து அடுக்கியிருக்கிறார், தூத்துக்குடி மாப்பிள்ளை அல்லவா? பிடிக்காது என்று அங்கே எப்படிச் சொல்ல முடியும்? தின்றிருக்கிறான். முள் தொண்டையில் குத்தி நின்றுவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கி, பழத்தை விழுங்கி, ஒன்றுக்கும் அசையாமல் டாக்டரிடம் போய் எடுத்திருக்கிறார்கள்.

“கண்ணுல தண்ணி ஊத்துது, மச்சினனுவ எல்லாம் சிரிக்கானுவ. ‘கடல்கார மாப்பிள்ளைக்கு முள்ளு எங்கெ இருக்குன்னு தெரியலியே’ன்னு சிரிக்கானுவ. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சும்மா” என்றான்.

இத்தனை வருஷம் என்னிடம் மறைத்திருக்கிறார்கள். எல்லாம் அந்த டேம் மீனால் வந்தது. அந்த மீனுக்கு முள் எங்கே இருக்கிறது என்று அந்த மீனுக்கே தெரியாதே, என் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் சொன்னேன்.

வினோலியா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அதுக்கப்புறம் மீன்னாலே பிடிக்காதுன்னு எந்திரிச்சுப் போயிருவாருங்க அத்தை. நானும் நெசம்னு நெனச்சேன். ஒரு நாள் முள்ளில்லாம பன்னுக்குள்ள வெச்சுக் குடுத்தேன், நாலு தின்னாரு. அப்பத்தானுங்க எனக்குப் புரிஞ்சுது, பிடிக்காம இல்ல, பயம்னு.”

பயமாம். அது பாசம் அம்மா, பாசம். பயத்துக்கும் பாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் நான் என்ன பேச?

“மொதல்ல சதைய மட்டும் குடுத்தேன். அப்புறம் இடுக்கிய அவர் கையில குடுத்தேன். இனி இடுக்கி இல்லாம விரலாலயே எடுக்கோணுங்க. அவ்ளோதான்” என்றாள். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னாள். அந்தப் பணிவுதான் எனக்கு மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருந்தது. நான் கையால் செய்ததை இவள் இடுக்கியால் அழிக்கிறாள்.

எழுந்து நின்றேன். “என் மகன் ஒரு சாளைய, முள்ளு ஒண்ணுகூட இல்லாம எடுத்துக் காட்டட்டும். அன்னைக்கே என் அரிவாமணையத் தூக்கிட்டு பஸ் ஏறிருதேன். அப்புறம் இந்த வீட்டுல எனக்கு என்ன சோலி?” என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. அவனால் முடியாது என்கிற நிச்சயத்தில் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாதா?

“ஐயோ அத்தை, எதுக்குங்க இப்படியெல்லாம்” என்று அவள் கையைப் பிடிக்க வந்தாள். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

என்ன தங்கச்சி, சாப்பிடுகிறீர்களா? மொறுமொறுவென்று சத்தம் பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்கிறதே. எப்படி இருக்கிறது? வேண்டாம், சொல்லாதீர்கள். பசிக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். துவையலில் உப்பு சரியா? சரியா? ம். எப்படியோ அமைந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை நானே மார்க்கெட்டுக்குப் போனேன். சாளையை அங்கே மத்தி என்கிறார்கள். என்ன பெயர் சொன்னால் என்ன, உடம்பெல்லாம் முள். கடையில் நல்ல விளமீன் இருந்தது, எடுத்தால் நடுமுள் கையோடு வந்துவிடும், அதை வாங்கவில்லை. “சின்ன மீனுல தொடங்குனாத்தான் படிக்கிறவனுக்கு லேசா இருக்கும்” என்று வினோலியாவிடம் சொன்னேன். அவள் சாளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரிங்கத்தை” என்றாள். புரிந்திருக்காது. டேம் மீன்காரி.

நானே மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்தேன். ரெமி மேஜை வேண்டாம் என்று கைலியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நான் எதிரே. வினோலியா அடுப்படி வாசலில் நின்றாள், பக்கத்திலேயே வரவில்லை.

முதல் மீனைச் சிதைத்துவிட்டான். சதையும் முள்ளும் கூழாகப் போச்சு. நான் மனதுக்குள் தோத்திரம் சொன்னேன். இரண்டாவதில் நடுமுள் பாதியில் ஒடிந்தது. “போதும் மக்கா, ஆறிப் போவுது, அம்மா எடுத்துத் தாறேன்” என்று கையை நீட்டினேன். அவன் தட்டை நகர்த்திக்கொண்டான். முப்பத்து நாலு வருஷத்தில் என் கைக்கு அவன் தட்டை நகர்த்தினது அன்றைக்குத்தான்.

மூன்றாவதை எடுத்தான். முதுகில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினான். மீன் இரண்டாக விரிந்தது. வாலைப் பிடித்து நடுமுள்ளைத் தூக்கினான், சீப்பு மாதிரி முழுசாக வந்தது. வயிற்று முள்ளை ஒவ்வொன்றாக ஒதுக்கினான். நாக்கை வெளியே கடித்துக்கொண்டு, வேர்த்துப் போய், பெருவிரலால் ஒரு தடவு தடவினான். நான் தடவுகிற மாதிரியே. நான் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

அதை அவன் தின்னவில்லை தங்கச்சி. எடுத்து என் தட்டில் வைத்தான். “யம்மா, நீ தின்னு. நான் எடுத்தது” என்றான். பந்தயம் அவனுக்கு நினைவே இல்லை. பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தின்றேனா என்கிறீர்களா? அதை விடுங்கள்.

அவர்கள் இரண்டு பேரும் எவ்வளவோ சொன்னார்கள். “கோவத்துல சொன்னதுங்க அத்தை, அத யாரு நெனச்சுட்டு இருக்கா? நீங்க இருந்தாத்தான் வீடு வீடா இருக்கு” என்று வினோலியா அழுதாள். அழட்டும், கண்ணீருக்கு என்ன, வெங்காயம் உரித்தாலும் வரும். ரெமி காலையில் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் என்னம்மா தப்பு செஞ்சேன், அதையாவது சொல்லு” என்று கேட்டான். பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். சொன்ன சொல் சொன்னதுதான். பொய் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டில் உட்கார்ந்து தின்ன என்னால் முடியாது, நாளைக்குப் பூசையில் சாமியார் கையால் நன்மை வாங்கப் போக வேண்டாமா?

நீங்கள் கேட்பது சரிதான். நிஜமாகவே ஒரு முள்கூட இல்லையா என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நம்பவில்லை. தட்டில் வைத்த அந்த மீனைத் தலைமாட்டிலிருந்து வால்மாட்டுக்குத் தடவினேன். திருப்பிப் போட்டுத் தடவினேன். ஒன்றாவது இருக்கும், இருந்தே தீரும், ஒரே ஒரு முள் இருந்தால் போதும், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அருள் நிறைந்த மரியே சொல்லிச் சொல்லித் தடவினேன். ரெமி பார்த்துக்கொண்டே இருந்தான். மழை கேட்டபோது மழை கொடுத்த மாதா, என் வீட்டுக்காரருக்கு நோவில்லாத சாவு கேட்டபோது அதையும் கொடுத்த மாதா, அன்றைக்கு எனக்கு ஒரு முள் கொடுக்கவில்லை.